படகு ஜன்னல் ஒழுகினால் எந்த சீலண்ட்?

படகு ஜன்னல் ஒழுகுகிறது என்று யாரிடம் சொன்னாலும் முதலில் வரும் பதில், "இருப்பதிலேயே வலுவாக ஒட்டுவதை வாங்கிப் பூசு" என்பதுதான். தண்ணீரில் கிடக்கும் பொருள், அலை அடிக்கும், காற்று தள்ளும், அதனால் வலு வேண்டும் என்று மனம் கணக்குப் போடுகிறது. என் படகை எனக்கு முன்னால் வைத்திருந்தவரும் அப்படித்தான் நினைத்திருக்கிறார். கப்பல் பாகங்களை நிரந்தரமாக ஒட்டும் பசையை வைத்து அவர் பொருத்தியிருந்த ஒரு சின்ன வெண்கல ஜன்னலை நான் கழற்றியபோது, ஜன்னலோடு சேர்ந்து கேபின் சுவரின் வெளிப்பூச்சும் அதற்கடியில் இருந்த கண்ணாடி இழையில் ஓர் அடுக்கும் பிய்ந்து வந்தன. இத்தனைக்கும் அந்த ஜன்னல் ஒழுகிக்கொண்டுதான் இருந்தது. பசை ஒரு பக்கம் விடாமல் பிடித்திருந்தது, மறுபக்கம் பிடிக்கவே இல்லை.

அதற்கப்புறம் எது வலுவானது என்று கேட்பதை விட்டுவிட்டேன். இந்த ஜன்னலை எது பிடித்து வைத்திருக்கிறது, சட்டம் எந்தப் பொருளால் ஆனது, இன்னொரு நாள் இதைக் கழற்ற வேண்டியிருக்குமா என்று கேட்டுவிட்டுத்தான் கடைக்குப் போகிறேன். இதற்குப் பதில் தெரிந்துவிட்டால் அலமாரியில் இருக்கும் இருபது சீலண்ட் (இடுக்கை அடைக்கும் பசை) டியூப்களில் பதினெட்டு தானாகவே விலகிவிடும்.

என்னுடையது 1980களில் ஒன்டாரியோவில் கட்டிய 29 அடிப் பாய்மரப் படகு. மே முதல் அக்டோபர் வரை ஒன்டாரியோ ஏரியில் மிதக்கும். மீதி மாதங்களில் கரையில் தாங்கிகள் மேல், பிளாஸ்டிக் உறைக்குள் பனியில் நிற்கும். கேபினின் இரண்டு பக்கமும் சட்டமே இல்லாமல் சுவரோடு ஒட்டிய நீளமான கறுப்புச் சாயல் அக்ரிலிக் (கண்ணாடி போன்ற பிளாஸ்டிக்) தகடுகள். முன்பக்கப் படுக்கைக்கு மேலே போல்ட் போட்டு இறுக்கிய வெண்கல வட்ட ஜன்னல்கள் இரண்டு. கழிப்பறையில் பிளாஸ்டிக் சட்டத்தோடு திறந்து மூடும் சிறிய ஜன்னல் ஒன்று. வட்டமானதைத்தான் பொதுவாக போர்ட்ஹோல் என்கிறோம், திறந்து மூடுவதைப் போர்ட்லைட் என்பவர்களும் உண்டு. பெயர் எதுவானாலும், மூன்றுக்கும் ஒரே டியூபைப் போட்டால் ஒன்றாவது நிச்சயம் ஒழுகும்.

வெயிலும் குளிரும் இழுக்கும் இழுப்பு

சீலண்ட் விட்டுப்போனால் அலையைத்தான் குற்றம் சொல்கிறோம். உண்மையில் அதை நாள் தவறாமல் இழுத்துக்கொண்டிருப்பது வெப்பம். ஒரு மீட்டர் அக்ரிலிக் தகடு ஒரு டிகிரி சூடேறினால் சுமார் 0.07 மில்லிமீட்டர் நீளும். படகுச் சுவரின் கண்ணாடி இழையான ஃபைபர்கிளாஸ் அதில் பாதிகூட நீளாது, 0.025 முதல் 0.03 வரைதான். வெண்கலம் இன்னும் குறைவு, சுமார் 0.018.

என் படகின் நீள ஜன்னல் 90 சென்டிமீட்டர். ஜனவரி இரவில் மைனஸ் 20. ஜூலை மதியத்தில் அந்தக் கறுப்புத் தகடு கை வைக்க முடியாத அளவுக்குக் கொதிக்கும், 60 டிகிரி என்று வைத்துக்கொள்ளலாம். இந்த 80 டிகிரி வித்தியாசத்தில் தகடு 5 மில்லிமீட்டர் நீள்கிறது. சுற்றியிருக்கும் வெள்ளைச் சுவர் அவ்வளவு சூடாவதில்லை, அது ஒன்றரை மில்லிமீட்டர்தான் நகர்கிறது. மிச்சமுள்ள மூன்றரை மில்லிமீட்டரை இரண்டு முனைகளிலும் இருக்கும் சீலண்ட்தான் பங்கு போட்டுத் தாங்க வேண்டும். ஒரு முனைக்கு ஏறக்குறைய 1.8 மில்லிமீட்டர். அங்கே சீலண்ட் அரை மில்லிமீட்டர் கனமே இருந்தால், தன் கனத்தைப் போல மூன்று மடங்குக்கு மேல் பக்கவாட்டில் இழுபட வேண்டும். அதுவே 3 மில்லிமீட்டர் கனம் இருந்தால், கனத்தில் பாதிக்குச் சற்று மேலாகச் சாய்ந்து கொடுத்தால் போதும். ஒரே டியூபிலிருந்து வந்த ஒரே சீலண்ட் முதல் வகையில் இரண்டு குளிர்காலத்தைத் தாண்டாது, இரண்டாவது வகையில் பல ஆண்டு நிற்கும்.

இதே கணக்கை 20 சென்டிமீட்டர் வெண்கல வட்டத்துக்குப் போட்டால், 60 டிகிரி வித்தியாசத்தில் வெண்கலமும் ஃபைபர்கிளாஸும் ஒன்றை ஒன்று விலகும் தூரம் 0.1 மில்லிமீட்டர்தான். ஒரு தலைமுடியின் கனம். அங்கே நெகிழ்வு ஒரு பிரச்சினையே இல்லை. ஆகவே நீள ஜன்னலுக்குச் சரியான தேர்வு வட்ட ஜன்னலுக்குத் தேவையில்லாதது, வட்ட ஜன்னலுக்குச் சரியானது நீள ஜன்னலில் நிற்கவே நிற்காது.

வெண்கல வட்டம்: பிடிப்பது போல்ட், அடைப்பது சீலண்ட்

போல்ட் போட்ட ஜன்னலை இடத்தில் நிறுத்துவது போல்ட். சீலண்டுக்கு அங்கே ஒரே வேலை, இடைவெளியை அடைத்துத் தண்ணீரை நிறுத்துவது. ஒட்டும் வலு அங்கே எந்த நன்மையும் தராது, கழற்றும் நாளில் சேதத்தை மட்டும் தரும். வெண்கல ஜன்னலை ஒருநாள் கழற்றத்தான் வேண்டும். ரப்பர் கெட்டுப்போகும், கீல் தேயும், சுவருக்கு மறுபடி பெயிண்ட் அடிக்க வேண்டி வரும்.

அதனால்தான் 3எம் 5200 போன்ற பாலியூரித்தேன் பசையை ஜன்னல் பக்கம் கொண்டுவரக் கூடாது என்கிறேன். அது நல்ல பொருள். படகின் உடலையும் மேல்தளத்தையும் இணைக்கும் மூட்டு போல, ஆயுளுக்கும் பிரிக்கப்போவதில்லை என்று முடிவான இடத்தில் அதற்கு ஈடு குறைவு. தொட்டால் ஒட்டாத நிலைக்கு வர 48 மணி நேரம், முழுதாக இறுக ஐந்திலிருந்து ஏழு நாள். இறுகிய பிறகு பிரிக்க வேண்டுமானால் சூடுகாற்றுத் துப்பாக்கி, மெல்லிய கம்பி, கரைப்பான், பொறுமை எல்லாம் வேண்டும், அப்போதும் பூச்சு பிழைக்கும் என்று சொல்ல முடியாது. வெயில் நேரே படும் இடத்தில் மஞ்சளித்தும் போகும். பாலியூரித்தேன்தான் வேண்டும் என்று இருந்தால், அதே வரிசையில் வலு குறைந்த 4200 இருக்கிறது, சீக்காவின் சீக்காஃப்ளெக்ஸ் 291 இருக்கிறது. கேபின் சுவரில் இல்லாமல் படகின் உடலிலேயே ஜன்னல் வெட்டியிருந்தால் நானும் இவற்றில் ஒன்றைத்தான் எடுப்பேன். காற்றில் படகு சாயும்போது அந்த ஜன்னல் நீருக்குள் போகும். அங்கே ஒழுகல் என்பது மெத்தை நனையும் விஷயம் இல்லை, படகுக்குள் தண்ணீர் ஏறும் விஷயம்.

பாலிசல்ஃபைட் என்ற இன்னொரு சீலண்ட் வகை இதைவிட மென்மையானது. 1920களில் அமெரிக்காவின் கான்சாஸ் சிட்டியில் ஜோசப் பேட்ரிக் என்ற வேதியியலாளர் கார் எஞ்சின் உறையாமல் இருக்க ஒரு திரவம் தேடப்போய், கந்தக நெடியடிக்கும் ரப்பர் போன்ற ஒரு பிசினில் போய் நின்றார். கிரேக்கத்தில் கந்தகத்துக்கும் பசைக்கும் உள்ள சொற்களைச் சேர்த்து அதற்கு தையோகால் என்று பெயர் வைத்தார்கள். பெட்ரோலும் டீசலும் அதைக் கரைப்பதில்லை என்பதால் விமான எரிபொருள் தொட்டிகளை அடைக்கப் பயன்பட்டது. படகுக்காரர்களிடம் போட்லைஃப் நிறுவனத்தின் லைஃப்-கால்க் என்ற பெயரில் கிடைக்கிறது. வெண்கலமும் தேக்கும் சேரும் இடத்தில் இதற்கு நிகர் குறைவு. காய்ந்த பிறகு தேய்க்கலாம், மேலே பெயிண்ட் அடிக்கலாம், தேவைப்பட்டால் கத்தியால் அறுத்துப் பிரிக்கலாம். மரப் படகு வைத்திருப்பவர் என்னிடம் கேட்டால் யோசிக்காமல் இதைச் சொல்வேன். இறுக நாளாகும், அதைத் தாங்கிக்கொள்ள வேண்டும். பிளாஸ்டிக் சட்டம், பாலிகார்பனேட், ஏபிஎஸ் ஆகியவற்றின் பக்கத்தில் மட்டும் இதைக் கொண்டுபோகக் கூடாது. பிளாஸ்டிக்கை விறைத்துப் போகச் செய்து விரிசல் விழ வைக்கும்.

என் வட்ட ஜன்னல்களுக்கு நான் போட்டது இரண்டும் இல்லை, புட்டில் டேப். சுருட்டி விற்கும் சாம்பல் நிற மெழுகுபோன்ற நாடா அது. காய்வதே இல்லை. ஒட்டும், ஆனால் பிடித்துக்கொள்ளாது. அதனால்தான் ஒழுகலை நிறுத்துகிறது: சட்டம் கொஞ்சம் அசைந்தால் அதுவும் கூடவே அசைந்து கொடுக்கும், விரிசல் விழ அதில் இறுகிய பகுதியே கிடையாது. தூத்துக்குடித் தோணிகளில் பலகை இடுக்கில் பஞ்சுத் திரியை அடித்துத் திணிப்பதைக் கலப்பற்று என்பார்கள். அங்கேயும் பலகையைப் பிடித்திருப்பது ஆணிதான், திரியின் வேலை அடைப்பது மட்டும். வேலையை இப்படிப் பிரித்துக் கொடுப்பது படகு கட்டுகிறவர்களுக்குப் புதிது இல்லை.

புட்டிலை வைக்கும் முறை தெரியாமல் வைத்துவிட்டு, அது சரியில்லை என்று சொல்பவர்கள் அதிகம். அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். சுவரில் இருக்கும் ஒவ்வொரு போல்ட் துளையின் வாயையும் சாய்வாகக் கொஞ்சம் குடைந்துவிட வேண்டும். இறுக்கும்போது அந்தக் குழிக்குள் புட்டில் போய் உட்கார்ந்து போல்ட்டின் கழுத்தைச் சுற்றி ஒரு மோதிரமாக நிற்கும். சட்டத்தின் அடியில் வெளி விளிம்பை ஒட்டி ஒரு முழுச் சுற்று, போல்ட் துளைகளைச் சுற்றித் தனித்தனியாகக் கூம்பு வடிவத்தில் இன்னும் கொஞ்சம். அப்புறம் எதிரெதிர் போல்ட்டுகளாக, ஒவ்வொன்றும் கால் திருப்பு. புட்டில் மெதுவாகத்தான் நகரும், அவசரப்பட்டால் சட்டம் வளையும். முதல் நாள் கொஞ்சம், மறுநாள் வெயில் ஏறியபின் கொஞ்சம், மூன்றாம் நாள் மிச்சம். இறுக்கும்போது வெளியே போல்ட்டின் தலையை அசையாமல் பிடித்துக்கொண்டு உள்ளே நட்டைத்தான் திருப்ப வேண்டும். தலையைத் திருப்பினால் அதன் கழுத்தில் உட்கார்ந்த அடைப்பு கிழிந்துவிடும்.

புட்டிலிலும் குறை உண்டு. வெயிலில் விளிம்பு வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிதுங்கும், அதில் தூசி ஒட்டிக் கறுக்கும். டீசல் பட்டால் கரையும். போல்ட் இல்லாத இடத்தில் எதற்கும் உதவாது. கடையில் இதோடு சேர்த்து அடுக்கியிருக்கும் புட்டி டேப் என்பது வேறு பொருள், களிமண்ணும் எண்ணெயும் கலந்தது, சில ஆண்டில் காய்ந்து வெடிக்கும். பார்க்க இரண்டும் ஒன்றுபோல இருக்கும். ஒரு துண்டைப் பிய்த்து இழுத்துப் பாருங்கள்: புட்டில் நூலாக நீண்டுகொண்டே போகும், புட்டி பொட்டென்று அறுந்துவிடும்.

சட்டமில்லாத அக்ரிலிக்

இங்கே கதை தலைகீழ். போல்ட் இல்லை, சட்டம் இல்லை. தகட்டைச் சுவரோடு வைத்திருப்பதே சீலண்ட்தான். தண்ணீரையும் அதுதான் நிறுத்த வேண்டும், மேலே பார்த்த 1.8 மில்லிமீட்டர் இழுபறியையும் அதுதான் தாங்க வேண்டும். இதோடு இன்னொரு எதிரியும் இங்கே இருக்கிறது, சூரிய ஒளி. மற்ற மூட்டுகளில் வெயில் சீலண்டின் விளிம்பில் மட்டும்தான் படும். அக்ரிலிக் கண்ணாடிபோல் ஒளியை உள்ளே விடுவதால், ஒட்டிய பரப்பு முழுவதும், பசையும் தகடும் தொடும் அந்த மெல்லிய கோட்டிலேயே, நாள் முழுக்க வெயில் படுகிறது. சாதாரண பாலியூரித்தேன் மேலே பார்க்க நன்றாக இருக்கும்போதே அந்தக் கோட்டில் விட்டுப்போயிருக்கும்.

அதனால் இங்கே உண்மையான போட்டி இரண்டுக்கு இடையில்தான். ஒன்று சீக்காஃப்ளெக்ஸ் 295 யூவி. பிளாஸ்டிக் ஜன்னல்களுக்கென்றே சீக்கா செய்யும் பாலியூரித்தேன் இது. வலுவானது, வெயிலைத் தாங்குவது, விளிம்பை நேர்த்தியாக வழித்துவிடலாம். ஆனால் டியூப் மட்டும் போதாது. அதற்குரிய துடைப்பான், அதற்குரிய கறுப்பு பிரைமர் (அடிப்பூச்சு), ஒவ்வொன்றுக்கும் இடையே குறித்த காத்திருப்பு நேரம் என்று ஒரு முழு முறை அது. பிரைமர் ஒட்டுவதற்கு மட்டும் இல்லை, ஒட்டும் கோட்டின் மேல் வெயில் விழாமல் திரைபோட்டு மறைப்பதற்கும்தான். அதை விட்டுவிட்டு டியூபை மட்டும் வாங்கி ஒட்டி, சில ஆண்டில் ஜன்னல் கையோடு வந்துவிட்டதென்று வருத்தப்படுபவர்களை எங்கள் படகுத்துறையிலேயே பார்க்கிறேன்.

மற்றது டௌசில் 795, முன்பு டௌ கார்னிங் 795 என்ற பெயரில் வந்தது. இது படகுக்காக வந்ததே இல்லை. உயரமான கட்டடங்களின் வெளிச்சுவரில் கண்ணாடிப் பலகைகளை நிறுத்தச் செய்த சிலிக்கான். மூட்டு அகலத்தில் 50 விழுக்காடு விரிந்தாலும் 50 விழுக்காடு சுருங்கினாலும் தாங்கும். வெயில் சிலிக்கானை ஏறக்குறைய ஒன்றும் செய்வதில்லை, அதுதான் இதன் பெரிய பலம். இறுகும்போது அமிலம் விடாத வகை. கட்டடப் பொருள் கடையில் கிடைப்பதால் படகுக் கடை டியூபைவிட மலிவு.

நான் 795-ஐத்தான் எடுத்தேன், 3எம்மின் விஎச்பி டேப்போடு சேர்த்து. விஎச்பி என்பது இரண்டு பக்கமும் ஒட்டும் கனமான நுரை நாடா. 4991 என்ற எண்ணில் வருவது 2.3 மில்லிமீட்டர் கனம். சுவரின் பள்ளத்தில் உள் விளிம்பை ஒட்டி அந்த நாடாவை ஒரு சுற்று ஒட்டி, தகட்டை அதன்மேல் வைத்து அழுத்தினால் அது உடனே நின்றுவிடும். இறுக்கக் கம்பி, முட்டுக்கட்டை எதுவும் வேண்டாம். அதைவிட முக்கியம், தகட்டை எவ்வளவு அழுத்தினாலும் இடைவெளி 2 மில்லிமீட்டருக்குக் கீழே போகாது. மேலே போட்ட கணக்கில் கேட்ட 3 மில்லிமீட்டருக்கு நெருங்கிய கனம் தானாகவே கிடைத்துவிடுகிறது. நாடாவுக்கு வெளியே சுற்றிலும் இருக்கும் பள்ளத்தை 795 கொண்டு நிரப்பி வழித்துவிட வேண்டும். நாடா பிடித்துக்கொள்கிறது, சிலிக்கான் தண்ணீரை நிறுத்துகிறது. வெண்கல ஜன்னலில் போல்ட்டும் புட்டிலும் செய்த அதே வேலைப் பிரிவினை. 295 யூவியை வேண்டாம் என்று சொல்ல எனக்கு வேறு காரணம் எதுவும் இல்லை. திறந்தவெளியில், காற்றடிக்கும் துறையில், தனி ஆளாக, பிரைமர் நேரங்களைத் தவறாமல் கடைப்பிடிக்க என்னால் முடியாது என்பதுதான் காரணம். கூரை உள்ள பட்டறையும் கூட ஓர் ஆளும் இருந்தால் அதுவும் சரியான தேர்வே.

அக்ரிலிக்கில் ஒரு எச்சரிக்கை. ஒட்டுமுன் துடைக்க அசிட்டோன் எடுக்காதீர்கள். ஃபைபர்கிளாஸுக்கு அது சரி, அக்ரிலிக்கிலும் பாலிகார்பனேட்டிலும் கண்ணுக்குத் தெரியாத விரிசல் வலையைக் கிளப்பிவிடும், அடுத்த கோடையில்தான் தெரியவரும். அம்மோனியா கலந்த கண்ணாடித் துடைப்பானும் அப்படித்தான். சோப்புத் தண்ணீர், பிறகு ஐசோப்ரொபைல் ஆல்கஹால், அது போதும். விளிம்பில் திருகாணி போட்டு இன்னும் பலப்படுத்தலாம் என்ற ஆசையும் வேண்டாம். தகடு நீளும்போது ஆணித் துளையிலிருந்துதான் முதல் விரிசல் ஓடும்.

சிலிக்கானை மற்ற இடத்தில் ஏன் தவிர்க்கிறேன்

795 இவ்வளவு நல்லதென்றால் வட்ட ஜன்னலுக்கும் அதையே போடலாமே என்று கேட்பார்கள். போடலாம், ஒழுகாது. ஆனால் சிலிக்கான் பட்ட இடத்தில் அதன்பிறகு வேறு எதுவும் ஒட்டாது. சுரண்டி எடுத்த பிறகும் கண்ணுக்குத் தெரியாத ஒரு படலம் நிற்கும். அதன்மேல் பெயிண்ட் அடித்தால் மீன்கண் போலக் குழி குழியாக விலகும், பாலிசல்ஃபைட் பூசினால் உரிந்து வரும். ஒருமுறை சிலிக்கான் என்றால் அந்த இடத்தில் என்றைக்கும் சிலிக்கான்தான். அக்ரிலிக் ஜன்னலுக்கு வேறு நல்ல வழி குறைவு, அதனால் அந்த விலையைக் கொடுக்கிறேன். வெண்கலத்துக்குப் புட்டில் இருக்கும்போது எதற்குக் கொடுக்க வேண்டும்?

குளியலறைக்கு விற்கும் சாதாரண சிலிக்கான் இன்னும் மோசம். அது இறுகும்போது அசிட்டிக் அமிலம் விடுகிறது, டியூபைத் திறந்ததும் வினிகர் வாடை அடிப்பது அதனால்தான். படகு வாங்கிய முதல் ஆண்டு, அவசரத்துக்கு, வட்ட ஜன்னலின் வெளி விளிம்பில் நான் அதைத்தான் இழுத்துவிட்டேன். அந்தக் கோடையிலேயே வெண்கலத்தின் ஓரம் பச்சைபூத்தது. அதைவிடப் பெரிய தவறு, வெளியே விளிம்பை மூடியதால் உள்ளே போன தண்ணீர் வெளியேறவும் வழியில்லாமல் போனது. பழைய அடைப்பின் மேல் புதிய கோடு இழுப்பது எந்த சீலண்டிலும் பழுதுபார்ப்பு ஆகாது. கழற்றித்தான் ஆக வேண்டும்.

கழிப்பறையின் பிளாஸ்டிக் ஜன்னல்

இதில் யோசிக்க அதிகம் இல்லை. பாலிசல்ஃபைட் கூடாது, வலுவான பாலியூரித்தேன் கூடாது. மிஞ்சுவது அமிலம் விடாத சிலிக்கான், புட்டில், அல்லது ஹைப்ரிட் என்று விற்கும் வகை. ஜப்பானின் கானெகா நிறுவனம் கொண்டுவந்த எம்எஸ் பாலிமரும் அதன் உறவுகளும்தான் இந்த ஹைப்ரிட். 3எம் 4000 யூவி இந்தக் கூட்டத்தைச் சேர்ந்தது. வெயிலைத் தாங்கும், வெண்மை மாறாது, சிலிக்கான்போல் படலம் விட்டுவைக்காது, பிரிக்கவும் முடியும். எல்லாவற்றிலும் நடுத்தரம் என்றாலும் கழிப்பறை ஜன்னலுக்கு நடுத்தரமே போதும், அதையே போட்டேன். எந்த ஹைப்ரிட் ஆனாலும், உங்கள் சட்டம் எந்தப் பிளாஸ்டிக் என்று தெரிந்துகொண்டு, டியூபின் பின்பக்கத்தில் அந்தப் பெயர் ஆகாதவற்றின் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள்.

சீலண்டால் தீராதது

ஜன்னலைக் கழற்றியதும் துளையின் விளிம்பை விரல் நகத்தால் குத்திப் பாருங்கள். அந்தக் காலத்து ஃபைபர்கிளாஸ் படகுகள் பலவற்றில் மேல்தளமும் கேபினும் இரண்டு ஃபைபர்கிளாஸ் தோலுக்கு நடுவே பால்சா மரம் வைத்த அடுக்கு. எடை குறையும், விறைப்பு கூடும், நல்ல கட்டுமானம்தான். ஆனால் ஜன்னலுக்காக வெட்டிய இடத்தில் பால்சா திறந்தே கிடக்கும். சீலண்ட் எங்காவது ஒரு முடியளவு விட்டாலும் தண்ணீர் படகுக்குள் சொட்டுவதற்கு முன்னால் அந்த மரத்துக்குள் போகும். ஏரித் தண்ணீரும் மழைத் தண்ணீரும் நன்னீர். கடல்நீரின் உப்பு மரத்தைத் தின்னும் பூஞ்சையைக் கொஞ்சமாவது அடக்கும், நன்னீரில் அந்தப் பாதுகாப்பும் கிடையாது. குளிர்காலத்தில் அந்த ஈரம் உறைந்து ஒன்பது விழுக்காடு பருத்து, தோலையும் மரத்தையும் பிரிக்கும்.

என் இடது வட்ட ஜன்னலின் கீழ்ப்பக்கத்தில் பால்சா ஊறிய ரொட்டிபோல் இருந்தது. கெட்டதெல்லாம் போகும்வரை சுரண்டி எடுத்து, இரண்டு வாரம் காயவிட்டு, விளிம்பைச் சுற்றி ஒரு சென்டிமீட்டர் ஆழத்துக்குச் சிலிக்கா பொடி கலந்து கெட்டியாக்கிய எப்பாக்ஸிப் பிசினை நிரப்பினேன். போல்ட் துளைகளையும் பெரிதாக்கி எப்பாக்ஸி நிரப்பி, இறுகியபின் மறுபடி துளையிட்டேன். இனி சீலண்ட் தோற்றாலும் தண்ணீர் படகுக்குள்தான் வரும், சுவருக்குள் போகாது. படகுக்குள் வந்தால் எனக்குத் தெரியும். எந்த சீலண்ட் என்று ஒரு மாதம் யோசிப்பவர்கள் அதில் இரண்டு நாளை இதற்குக் கொடுத்தால் நல்லது. மற்ற நேரம் முழுவதையும் பழைய சீலண்டைச் சுரண்டவும் துடைக்கவும் கொடுக்கலாம். அழுக்கின் மேல் பூசிய நல்ல சீலண்டைவிடச் சுத்தமான பரப்பில் பூசிய சுமாரான சீலண்ட் நீண்டநாள் நிற்கும்.

எந்த மாதம் செய்வது

டியூபில் வரும் இந்த சீலண்டுகள் காற்றில் உள்ள ஈரத்தைக் குடித்துத்தான் இறுகுகின்றன. குளிர்ந்த, வறண்ட காற்றில் அது நத்தை வேகம். எங்கள் ஊரில் எல்லோரும் ஏப்ரலில், படகை இறக்குவதற்கு முன்பு, அவசரமாக ஜன்னலைச் செய்வார்கள். வெளியே 5 டிகிரி. சட்டத்தின் விளிம்பு 4 சென்டிமீட்டர் அகலம், இரண்டு பக்கமும் ஈரம் புகாத பொருள். ஈரம் ஓரத்திலிருந்து மட்டுமே உள்ளே நுழைய முடியும், அதுவும் போகப்போக மெதுவாக. டியூபில் ஏழு நாள் என்று போட்டிருப்பது மேலே திறந்த ஒரு கோட்டுக்கு. அந்த நடுப்பகுதி மூன்று வாரத்துக்குப் பிறகும் கூழாகவே இருக்கலாம். அந்த நிலையில் படகை நீரில் இறக்கிப் பாய்மரத்தை இழுத்துக் கட்டினால் சுவர் கொஞ்சம் முறுக்கும், பிடித்தும் பிடிக்காமலும் இருக்கும் சீலண்ட் நழுவும்.

விஎச்பி நாடாவுக்கும் குளிர் ஆகாது, 15 டிகிரிக்கு மேல் இருக்கும் நாளாகப் பார்த்து ஒட்டுங்கள். புட்டில் குளிரில் கல்லாகும், ஆனால் சூடுகாற்று காட்டினால் வழிக்கு வரும். இறுக வேண்டிய வேலையே இல்லாததால் ஏப்ரலில் செய்யத் தகுந்தது அது ஒன்றுதான். இடது பக்க நீள ஜன்னலை நான் ஆகஸ்டில், படகு நீரில் இருக்கும்போதே செய்தேன். டியூபின் அடியில் அச்சிட்ட தேதியையும் பாருங்கள். திறக்காத டியூபுக்கும் ஏறக்குறைய ஓராண்டுதான் ஆயுள், கழிவு விலையில் கிடைப்பது பெரும்பாலும் அதைத் தாண்டியதாக இருக்கும்.

குழாய் பிடித்துப் பார்ப்பது

வேலை முடிந்ததும் மழைக்குக் காத்திருக்க வேண்டாம். உள்ளே ஒவ்வொரு நட்டின் அடியிலும், கீழ் விளிம்பு நெடுகவும் டிஷ்யூ பேப்பரை ஒட்டிவிட்டு, ஒருவர் உள்ளே இருக்க, இன்னொருவர் வெளியே குழாயைப் பிடிக்க வேண்டும். அழுத்தமாகப் பீய்ச்சக் கூடாது, மழை வழிவதுபோல் வழிய விட வேண்டும். கீழிருந்து ஆரம்பித்து, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கொஞ்சம் மேலே. முதலிலேயே மேலே பிடித்துவிட்டால் எங்கிருந்து வருகிறதென்று தெரியாது. ஜன்னலுக்கு மேலே, தளத்தின் ஓரத்தில் கைப்பிடிக் கம்பியைத் தாங்கும் கால்களின் போல்ட்டுகளைக் கடைசிவரை நனைக்காதீர்கள்.

நான் கேட்டுக்கொள்வது, இதே சோதனையை ஜன்னலைக் கழற்றுவதற்கு முன்பும் ஒருமுறை செய்யுங்கள். வலது நீள ஜன்னலுக்கு நாடா, சிலிக்கான் எல்லாம் வாங்கி வைத்துவிட்டுக் குழாய் பிடித்தபோது, ஜன்னலைச் சுற்றி முப்பது நிமிடம் நனைத்தும் டிஷ்யூ உலர்ந்தே இருந்தது. மேலே கைப்பிடிக் கம்பியின் காலுக்குத் தண்ணீரைக் கொண்டுபோன இரண்டாவது நிமிடத்தில், கேபின் உள்தோலின் பின்னால் வழிந்து, ஜன்னலின் கீழ் மூலையில், நான் இரண்டு ஆண்டாகப் பார்த்துக்கொண்டிருந்த அதே இடத்தில் சொட்டியது. அந்தக் காலைக் கழற்றி, துளையின் வாயைக் குடைந்து, புட்டில் வைத்து இறுக்க ஒரு மணி நேரம் ஆனது. அந்த ஜன்னலின் பழைய அடைப்பு இன்னும் அப்படியே இருக்கிறது.